ஃபார்மேட் போடுவதற்கு முன்

அழகர்கோவில், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி, கிடாரிப்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, கூட்டுறவுச் சங்கம் என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

மதுரையிலிருந்து உங்கள் பக்கத்துக் கடைகளுக்குச் சர்வீஸ் பார்க்க வந்து போகிறவன் எழுதுகிறேன்.

உங்களில் பலரும் என்னிடம் சொல்வது ஏறத்தாழ ஒரே குறைதான். காலையில் நன்றாக ஓடிய சிஸ்டம், வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பொட்டென்று அணைந்து தானே மறுபடி ஆன் ஆகிறது. இல்லாவிட்டால் நீலத்திரை வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் மவுஸ் அசையாமல் அப்படியே உறைந்து நிற்கிறது. எதிரே உதவித்தொகைக்கு எழுதிப்போட வந்த பாட்டி உட்கார்ந்திருப்பார். ஓ.டி.பி. வருகிற போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனிடம் இருக்கும். வேலைக்கு நடுவில் அவரைப் பிடித்து எண்ணை வாங்கித் தட்டி முடிக்கிற நேரத்தில் சிஸ்டம் போய்விட்டால் அந்த எண் செல்லாது. மகன் மறுபடி போனை எடுக்கச் சாயங்காலம் ஆகும். பாட்டி நாளைக்கு இன்னொரு தரம் பஸ் ஏறி வரவேண்டும், அன்றைய நூறு நாள் வேலைக் கூலியையும் விட்டுவிட்டு. கம்ப்யூட்டர் நிற்பது உங்கள் கடைக்கு நஷ்டம் என்பது ஒரு பக்கம். அதன் பாரம் அதிகம் விழுவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மேல். அதனால்தான் இந்த விஷயத்தை விளக்கமாக எழுதத் தோன்றியது.

இப்படி நின்றால் வழக்கமாக என்ன நடக்கிறது? மெக்கானிக் வருகிறார். “விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சுண்ணே, ஃபார்மேட் போட்டுருவோம்” என்கிறார். அரை நாள் போகிறது. பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாவற்றுக்கும் மறுபடி டிரைவர் போடுகிறீர்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடுகிறது. பிறகு பழையபடி அணைகிறது. இந்த முறை ரேமை மாற்றச் சொல்கிறார்கள், அடுத்த முறை மதர்போர்டை. கடைசியில் புது சிஸ்டமே வாங்குகிறீர்கள், அதுவும் அதே பிளக்கில் அதே மாதிரி அணைகிறது.

அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டருக்கு முதலில் செய்ய வேண்டியது ஃபார்மேட் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் முதல் வேலை. திரும்பத் திரும்ப வருகிற கோளாறுக்கு ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கு கண்ணில் படும் முன்பே எல்லாவற்றையும் அழித்துப் போட்டால், காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, மணி. அந்த நொடி நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். கரண்ட் போய் வந்ததா, விளக்கு ஒருமுறை மங்கியதா. சிஸ்டம் எப்படி நின்றது: சுவிட்சைத் தட்டிய மாதிரி அணைந்ததா, உறைந்ததா, நீலத்திரை காட்டியதா. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். சட்டென்று அணைந்து தானே ஆன் ஆவது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை, அல்லது கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸின் வேலை. ஓடிக்கொண்டே இருந்து, சூடேறி, அணைந்து, கொஞ்ச நேரம் ஆன் ஆகவே மறுத்தால் ஃபேனையும் தூசியையும் பார்க்க வேண்டும். நீலத்திரை என்றால் ரேம், டிரைவர், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றில் ஒன்றின் மேல் சந்தேகம் போகும். நீலத்திரை வந்தால் பதறாமல் போனை எடுத்து அதை ஒரு படம் எடுங்கள். அதன் அடியில் கேப்பிட்டல் எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொற்றொடர் இருக்கும். உங்களுக்குப் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, பார்க்கிறவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இந்த நோட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கடையின் கதையைச் சொல்கிறேன். அந்தக் கடையில் சிஸ்டம் அணையும் நேரத்தில் ஒரு கணக்கும் தெரியவில்லை. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சில நாள் இல்லவே இல்லை. ஃபார்மேட் போட்டாயிற்று, ரேமும் மாற்றியாயிற்று. கடையில் வேலை பார்த்த பெண், சொன்னபடி எழுதிக்கொண்டே வந்தார். பக்கம் நிரம்பியதும் அவரே கண்டுபிடித்தார்: அணைந்த ஒவ்வொரு முறையும் அவர் பிரின்ட் கொடுத்திருக்கிறார். ஆனால் கூட்டமாக இருந்து அடுத்தடுத்து பிரின்ட் போகும்போது அணைவதில்லை. வெகுநேரம் சும்மா கிடந்த பிரின்டருக்கு முதல் பக்கம் அனுப்பும்போதுதான் அணைகிறது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் லேசர் பிரின்டரின் பிளக்கும் யு.பி.எஸ்ஸில்தான் செருகியிருந்தது.

லேசர் பிரின்டருக்குள் மையை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஒரு சூட்டு உருளை இருக்கிறது. ஆறிக்கிடந்த உருளை சூடேறும் அந்தச் சில நொடிகளில் பிரின்டர் பல நூறு வாட்டை இழுக்கும், சில ரகங்கள் 1000 வாட் வரை போகும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட். பாரம் மீறியதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கிச் சுவர் பாயின்ட்டில் செருகினோம். அதற்குப் பிறகு அந்த சிஸ்டம் அப்படி அணையவில்லை. செலவு ஒரு பைசா இல்லை. இதைப் படிக்கிறவர்கள் இப்போதே மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். லேசர் பிரின்டரும் ஜெராக்ஸ் மெஷினும் யு.பி.எஸ்ஸில் இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இதே மேலூர்த் தாலுகாவில் ஒரு தலைமுறை இந்தக் கம்ப்யூட்டர்களோடு போராடியிருக்கிறது. 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள், என்-லோக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து ‘சாரி’ என்ற திட்டத்தில் மேலூர் சுற்றுக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்களைத் திறந்தார்கள். கார்டெக்ட் என்ற நம் ஊர்க் கம்பியில்லாத் தொழில்நுட்பம் இணைப்பைத் தந்தது. அப்போது மதுரை நகரத்திலேயே வீட்டில் இன்டர்நெட் வைத்திருந்தவர்கள் குறைவு. அந்த மையங்களிலிருந்து நோய் கண்ட பயிரைப் படம் பிடித்து மதுரை வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கிராமத்துப் பெண்கள் பலர் அங்கேதான் முதல் முறையாக மவுஸைப் பிடித்தார்கள்.

அவற்றில் பல மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. ஏன் மூடப்பட்டன என்று மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். வருமானம் போதாதது ஒரு காரணம். நடத்துகிறவர்களுக்குப் போதிய தொழில்நுட்ப உதவி தொடர்ந்து கிடைக்காதது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் எனக்கு மனத்தைவிட்டுப் போவதில்லை. சிஸ்டம் நின்று, மதுரையிலிருந்து ஆள் வரும்வரை கதவைச் சாத்தி வைக்கிற மையத்துக்கு ஜனங்கள் இரண்டு தரம் வந்து திரும்புவார்கள், மூன்றாவது தரம் மேலூருக்கே பஸ் ஏறிவிடுவார்கள்.

அதே காலத்தில் அரவிந்த் மருத்துவமனை தேனிப் பக்கம் சிறிய கண் பார்வை மையங்களைத் திறந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய குழு, அந்த மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தது. கிராமத்தில் நோயாளி உட்கார்ந்திருக்க, தேனியிலிருந்து மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். நல்ல பொறியாளர்கள், நல்ல கருவிகள். ஆனாலும் கருவிகள் நின்று நின்று போயின. அவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தங்கள் பெரிய தலைவலியாகச் சொன்னது மின்சாரத்தின் தரத்தைத்தான். கிராமப்புறத்தில் அளந்து பார்த்தபோது 1000 வோல்ட் வரை நொடிப்பொழுதுத் தாவல்களையும், 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் தொய்வையும், 350 வோல்ட்டுக்கு மேல் ஏறும் வீக்கத்தையும் கண்டார்கள். அங்கே மென்பொருள் கெட்டதுபோலத் தெரிந்த பல கோளாறுகளுக்குப் பின்னால் இந்தக் கெட்ட மின்சாரம்தான் இருந்தது. அவர்கள் மின்சாரத்தை ஒழுங்கு செய்தார்கள், உறைந்துபோன கருவி தானே மீண்டெழ ஏற்பாடு செய்தார்கள், அங்கே வேலை பார்க்கும் உள்ளூர் ஊழியர்களுக்கே சின்னச் சின்னப் பழுதுகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அரவிந்தின் பார்வை மையங்கள் இன்றும் நடக்கின்றன.

உங்கள் கடைக்கு வருவோம். யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போகும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். யு.பி.எஸ்ஸை மாற்றியும் தீரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் போனதிலிருந்து பேட்டரிக்கு மாற நம் சாதாரண யு.பி.எஸ். 10 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைத் தன்னிடம் தேங்கியிருக்கும் மின்சாரத்தால் எஸ்.எம்.பி.எஸ். தாண்டிவிட வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16 மில்லி விநாடியாவது தாக்குப்பிடிக்கும். கேபினட்டோடு சேர்ந்து வருகிற மலிவானது இரண்டு கோடையைப் பார்த்தபின் அவ்வளவு பிடிக்காது. சிலர் வீட்டு இன்வெர்ட்டரிலேயே சிஸ்டத்தை மாட்டியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது சாதாரண மோடில் இருந்தால் ஃபேனும் லைட்டும் தெரியாத மாதிரி மாறிவிடும், கம்ப்யூட்டர் தாங்காது.

“ஆஃப் பண்ணினால் மறுபடி ஆன் ஆகுமோ ஆகாதோ என்று பயந்தே அணைக்காமல் வைத்திருக்கிறேன்” என்று சிலர் சொல்கிறீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வயதான எஸ்.எம்.பி.எஸ். சூடாக இருக்கும்வரை சமாளித்து ஓடும், ஆறிவிட்டால் எழாது. அணைக்கவே பயப்படும் நிலைக்கு சிஸ்டம் வந்துவிட்டது என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள், பெயருள்ள கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்குங்கள். பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

எர்த் பற்றி ஒன்று. அழகர்மலை அடிவாரம் முழுக்கப் பாறை. சித்திரை, வைகாசியில் மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகிறது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா, ஸ்கேனரைச் செருகும்போது சிஸ்டம் உறைகிறதா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் குழியைக் கவனிக்க வேண்டும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் தாத்தா காலத்து ரைஸ்மில்களில் இருந்தது. பம்ப்செட் மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் கடையில் விளக்கு மங்குகிறது என்றால், அந்த மணியையும் நோட்டில் எழுதுங்கள். மின்வாரியத்துக்கு எழுதும் மனுவில் ‘அடிக்கடி’ என்று எழுதுவதைவிட, எந்தத் தேதி எத்தனை மணி என்று எழுதினால் லைன்மேனுக்கும் எங்கே பார்ப்பது என்று புரியும்.

அணைக்காமல் ஓடுவதாலேயே வரும் கோளாறு ஒன்று தனியாக இருக்கிறது. அதைப் பலரும் நம்புவதில்லை. விண்டோஸ் 95, 98 இரண்டும் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துவிடும். காரணம் எளிது. ஆன் ஆனதிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளை ஓரிடத்தில் எண்ணிக்கொண்டே வந்தார்கள். அந்த இடத்தில் 429 கோடியே சொச்சம் வரைதான் எண்ண முடியும். அது நிரம்பும் நாள் ஐம்பதாவது நாள். போயிங் 787 விமானத்தில் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் தொடர்ந்து 248 நாள் ஓடினால் எல்லாம் ஒன்றாக நின்றுவிடக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்து, அதற்கு முன் அணைத்துப் போடச் சொன்னது. இதில் மிகக் கொடுமையானது 1991 பிப்ரவரி 25இல் நடந்தது. வளைகுடாப் போரில் சவூதியின் தஹ்ரானில் நிறுத்தியிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியதில் விழுந்த நுண்ணிய பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடியாகிவிட்டது. அந்த நேரத்துக்குள், பாய்ந்து வரும் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கருவி தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை தடுக்கப்படாமல் விழுந்து அமெரிக்கப் படைவீரர்கள் 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இன்றைய விண்டோஸில் அந்த 49 நாள் கோளாறு இல்லை. ஆனால் பிரின்டர் டிரைவர், கைரேகைக் கருவிக்கான சர்வீஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் நாள் முழுக்க ஓடும்போது, எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் அவற்றில் ஒன்றாவது இருக்கும். முதல் நாள் தெரியாது, ஐந்தாவது நாள் எல்லாம் மெதுவாகும், பிறகு உறையும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தால் இது தீரும்.

ரீஸ்டார்ட் என்றுதான் சொன்னேன். ஷட் டவுன் போதாது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று பெரும்பாலான சிஸ்டங்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. சீக்கிரம் எழுவதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் படியெடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே திரும்ப எடுத்து ஓட்டும். நீங்கள் தினமும் இரவு அணைத்துவிட்டுப் போனாலும், உள்ளே ஓடுவது போன மாதத்து விண்டோஸ்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘அப் டைம்’ என்பதைப் பாருங்கள். நேற்று அணைத்த சிஸ்டம் பல வாரமாக ஓடுவதாகக் காட்டினால் இதுதான் விஷயம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தும்போது ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

தூசியும் சூடும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலூர் ரோட்டோரக் கடைகளில் கல் தூசி, அழகர்கோவில் ரோட்டில் மண் தூசி. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்பவை அவைதான். தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் போர்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. கேபினட்டை மேசைக்குள் பெட்டி மாதிரி அடைத்துவைக்காதீர்கள், பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கேபினட் ஃபேனுக்கு நேரே காட்டாதீர்கள். புகையின் பிசுக்கு உட்கார்ந்த இடத்தில்தான் தூசி அடையாக அப்பிக்கொள்கிறது. கோவில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஜன்னலில் வலை அடித்துவிடுங்கள். அங்கே குரங்குகள் நெட் ஒயரை இழுப்பது நோட்டில் எழுதிப் பிடிக்கும் கோளாறு இல்லை.

ரேம் விஷயத்தில் நம் மெக்கானிக்குகள் செய்வது சரிதான். கழற்றி, தங்கமுலாம் பூசிய ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து மாட்டினால் பல நீலத்திரைகள் நின்றுவிடும். நிற்காவிட்டால் ரேமை மாற்றும் முன் சோதியுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அதைவிட நம்பகமானது மெம்டெஸ்ட்86. பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ரேமில் அல்லது அது செருகிய இடத்தில் கோளாறு. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் ரேம் பட்டைகளில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஏதாவது பிழை காட்டின. அவை குளிரூட்டிய அறையில் இருந்த, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம்கள். நம்முடையதில் அந்த வசதி கிடையாது.

நீங்கள் நோட்டு வைக்க மறந்தாலும் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாள் எது நின்றது என்று சிவப்பு வட்டத்தில் குறி போட்டிருக்கும். சிவப்பு முதன்முதலில் தோன்றிய நாளுக்கு முந்தைய நாள் என்ன புதிதாகப் போட்டீர்கள் என்றும் அதிலேயே தெரியும். இன்னும் ஆழமாகப் பார்க்க ஈவென்ட் வியூவர் உண்டு. அதில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் பலர் அதையே நோயின் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். முறையாக அணைக்காமல் நின்றுவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அதற்குள் நீலத்திரையின் பிழை எண்ணான பக்செக் கோடு பூஜ்யமாக இருந்தால், நீலத்திரை காட்டக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது உறைந்து நின்று நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். எது என்று உங்கள் நோட்டுதான் சொல்லும். ஃபார்மேட் போட்டால் முதலில் போவது இந்தப் பதிவுகள்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ரேம், எஸ்.எம்.பி.எஸ்., விண்டோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றையும் மறுபடி வாங்குவீர்கள். மாற்றியதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். சிஸ்டத்தை வெளியே கொடுத்தனுப்பும் முன் டெஸ்க்டாப்பில் குவிந்து கிடக்கும் ஆதார் நகல், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஸ்கேன்களை எடுத்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஊர் ஜனங்கள் உங்களை நம்பி நீட்டிய காகிதங்கள் அவை. விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் பொதுவாக நிறுத்திவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையும் அடுத்த முறை மெக்கானிக் வரும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் சேர்த்து ஒரு வேண்டுகோள். பழுது பார்ப்பதில் பாதி, நல்லது என்று தெரிந்த ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான். அதற்கான சாமான் தனித்தனியாக யாரிடமும் இருக்காது, ஒவ்வொருவரும் வாங்கவும் வேண்டியதில்லை. அப்பன்திருப்பதியிலிருந்து அழகர்கோவில் வரை உள்ள மையங்கள் சேர்ந்து பொதுவில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ரேம் ஒவ்வொன்று, புது பேட்டரி போட்ட யு.பி.எஸ். ஒன்று, மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ், ஒரு மல்டிமீட்டர், தூசி ஊதும் புளோயர், மதர்போர்டில் போடும் சி.ஆர். 2032 பேட்டரி சில. கிடாரிப்பட்டியில் சிஸ்டம் நின்றால் கள்ளந்திரியிலிருந்து டூவீலரில் பெட்டி வந்துவிடும். மதுரையிலிருந்து ஆள் வரும்வரை கடையைச் சாத்த வேண்டியிருக்காது. மேலூர் மையங்களுக்கு அன்று கிடைக்காத உதவியில் ஒரு பகுதியாவது இந்தப் பெட்டியில் இருக்கும். சித்திரைத் திருவிழா முடிந்து கூட்டம் குறைகிற வாரத்தில், உங்களில் யாராவது ஒருவர் கடையில் எல்லோரும் கூடுங்கள். பெட்டிக்கு ஆளுக்கு எவ்வளவு, யார் கடையில் வைப்பது, சாவி யாரிடம் என்று பேசிவிடலாம். மீட்டர் பிடிக்கவும் ரேம் கழற்றவும் சொல்லித்தர நான் வருகிறேன். வரும்போது அவரவர் நோட்டையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கம் சர்வீஸுக்கு வருகிறவன்